கோமியக் கேனும் பெட்ரோல் பம்ப் ரிலேயும்

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை நாலரை மணி. பரனூர் சுங்கச்சாவடிக்கு இன்னும் ரெண்டு கிலோமீட்டர் இருக்கும். வேன் ரெண்டு தடவை இருமியது, அப்படியே அடங்கிவிட்டது. பின்னால் 80 கட்டு கீரை, ஈரச்சாக்கு போர்த்திய கத்தரி, வெண்டை, ரெண்டு மூட்டை மாப்பிள்ளைச் சம்பா. ஏழு மணிக்குச் சென்னையில் சந்தை. வெயில் ஏறிவிட்டால் கீரையை மாட்டுக்குத்தான் போட வேண்டும். நேரடி விற்பனை செய்கிற நம் எல்லோருக்கும் இந்தத் தவிப்பு தெரியும். விதைத்து, களையெடுத்து, பறித்து, கட்டு கட்டி, எல்லாம் ஒழுங்காக நடந்த பிறகு கடைசி 50 கிலோமீட்டர் காலை வாரிவிடும்.

சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் நன்றாகச் சுற்றுகிறது. ஆனால் இன்ஜின் பிடிக்கவில்லை. வழக்கமாகச் சாவி போட்டதும் பின்னாலிருந்து ‘ஊங்’ என்று ரெண்டு விநாடி ஒரு சத்தம் வரும். பெட்ரோல் டேங்குக்குள் இருக்கிற மின்சார பம்ப்பின் சத்தம் அது. அன்றைக்கு அது வரவில்லை.

தேடிப்பிடித்து அழைத்துவந்த ஒரு மெக்கானிக் சீட்டைத் தூக்கிப் பார்த்தார். தீப்பெட்டியைவிடச் சின்னதாக ஒரு கறுப்புப் பெட்டியைக் கழற்றினார். அது இருந்த இடத்தில் ரெண்டு முனையையும் ஒரு துண்டு வயரால் இணைத்தார். நடுவில் வீட்டில் போடுகிற சுவிட்ச் ஒன்றைத் தொங்கவிட்டார். ‘ஊங்.’ வண்டி கிளம்பிவிட்டது.

“சென்னை போய்ச் சேந்துரலாம் சார். ரிலே போயிருக்கு. அப்புறமா சரியாப் பாத்துக்குங்க” என்றார். நூறு ரூபாய்கூட வாங்கவில்லை. அவர் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. குறை அந்த ‘அப்புறமா’வில் இருந்தது, அது என் குறை.

தற்காலிகம் எப்படி நிரந்தரம் ஆகிறது

வங்கியில் சஸ்பென்ஸ் கணக்கு என்று ஒன்று உண்டு. எந்தத் தலைப்பில் சேர்ப்பது என்று உடனே தெரியாத தொகையைத் தற்காலிகமாக அதில் போட்டு வைப்போம். கூடிய சீக்கிரம் தீர்த்துவிட வேண்டும் என்பது விதி. தீர்க்காமல் விட்ட தொகைதான் தணிக்கையில் வந்து கழுத்தைப் பிடிக்கும். முப்பது வருஷத்துக்கு மேல் இதை மற்றவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தவன், அந்தத் துண்டு வயரை மூன்று வாரம் அப்படியே ஓட்டினேன். வண்டி ஓடுகிறதே, இப்போது என்ன அவசரம்?

மூன்றாவது வாரம் கருங்குழிக்கு அருகே கிளைச்சாலையில் ஆடுகள் குறுக்கே வந்தன. ஒடித்துத் திருப்பியதில் வேன் வாய்க்காலில் இறங்கிச் சாய்ந்தது. இன்ஜின் நின்றுவிட்டது. யாருக்கும் பெரிய அடி இல்லை. ‘தப்பித்தோம்’ என்று மூச்சுவிட்ட நேரத்தில் பெட்ரோல் வாடை. கூட வந்த தம்பி கத்தினான்: “அய்யா, மோட்டார் ஓடிட்டே இருக்கு!”

ஆமாம். இன்ஜின் நின்றிருந்தது, பம்ப் நிற்கவில்லை. இன்ஜின் பக்கம் ரப்பர் ஹோஸ் கிளிப்பிலிருந்து உருவிக்கொண்டுவிட்டது. அதன் வழியாகப் பெட்ரோல் பீய்ச்சிக்கொண்டிருந்தது. சின்ன வண்டியின் பம்ப்கூட நிமிடத்துக்கு ஒரு லிட்டருக்குக் குறையாமல் தள்ளும். சூடான சைலன்சர் அரையடி தள்ளி இருக்கிறது. நான் தொங்கும் சுவிட்சைத் தேடுகிறேன். அது சீட்டுக்கு அடியில் எங்கோ போய்விட்டது. தம்பிதான் பேட்டரி வயரை ஒரே இழுப்பில் உருவினான். சத்தம் நின்றது. வாய்க்கால் தண்ணீரில் வானவில் நிறத்தில் படலம் மிதந்துகொண்டிருந்தது.

அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. ரிலேயின் வேலை பம்ப்பை ஓடவைப்பது மட்டும் அல்ல. ஓடக்கூடாத நேரத்தில் நிறுத்துவதும் அதன் வேலைதான். அந்த மெக்கானிக் போட்ட வயர் முதல் வேலையைச் செய்தது, ரெண்டாவதைச் செய்யாது. வண்டி ஓடிய வரைக்கும் அந்த வித்தியாசம் எனக்குத் தெரியவே இல்லை.

ஜி.பி. ரோட்டில் கிடைத்த பதில்

அண்ணா சாலையிலிருந்து ராயப்பேட்டைப் பக்கம் போகிற ஜெனரல் பேட்டர்ஸ் சாலையைச் சென்னைக்காரர்கள் ஜி.பி. ரோடு என்பார்கள். சீட் கவர், ஹாரன், விளக்கு, பாட்டுப் பெட்டி, வயரிங் சாமான் என்று கார் சம்பந்தப்பட்ட கடைகள் வரிசையாக இருக்கும். பழைய வண்டிகளைப் பிரித்து விற்கிற புதுப்பேட்டையும் பக்கத்தில்தான். ராயப்பேட்டைக் கிளையில் ஆறு வருஷம் வேலை பார்த்தவன் நான். தினமும் மணிக்கூண்டைத் தாண்டிப் போனேன், ஒரு நாளும் அந்தக் கடைகளுக்குள் நுழைந்ததில்லை. இப்போது கையில் ரிலேயோடு போய் நின்றேன்.

ஒரு சந்துக்குள் வயரிங் வேலை செய்கிற பாய் ஒருவரைக் கடைக்காரர் காட்டினார். பாய் ரிலேயைக் கையில் வாங்கிப் பார்த்தார், ஆட்டிப் பார்த்தார். “இதுக்கு ஒண்ணும் ஆவலை சார். வண்டியக் காட்டுங்க” என்றார். துண்டு வயரைக் கழற்றி எறிந்துவிட்டு, அதே பழைய ரிலேயை மாட்டினார். ரெண்டு மூன்று தடவை அசைத்துவிட்ட பிறகு வண்டி ஸ்டார்ட் ஆனது. மல்டிமீட்டரை எடுத்து, பேட்டரியின் பிளஸ்ஸில் ஒரு முனை, பம்ப்புக்குப் போகிற பிளக்கின் பிளஸ்ஸில் ஒரு முனை வைத்தார். 2 வோல்ட் காட்டியது. பேட்டரியிலிருந்து பம்ப்புக்குப் போகும் வழியிலேயே 2 வோல்ட் தொலைகிறது என்று அர்த்தம்.

பிறகு இன்ஜினை நிறுத்திவிட்டு ரிலேயைப் பிடுங்கி, அது உட்காருகிற சாக்கெட்டுக்குள் டார்ச் அடித்துக் காட்டினார். உள்ளே தகடெல்லாம் பச்சையும் நீலமுமாகப் பூத்திருந்தது. பிளாஸ்டிக் ஓரத்தில் உருகியிருந்தது.

“இன்னா சார் ஏத்துறீங்க வண்டில?”

“காய்கறிதான் பாய். அப்புறம் கோமியம், பஞ்சகவ்யம். மாடித்தோட்டக்காரங்க கேப்பாங்க. வாரா வாரம் ரெண்டு கேன்.”

“எங்க வெப்பீங்க?”

கை நீட்டிக் காட்டினேன். சரியாக அந்தச் சாக்கெட்டுக்கு மேலே.

“அதான் சார். ரிலே பாவம். அதோட காலைப் புடிக்கிற இடம் செத்துப்போச்சு.”

கோமியம் நாளாக ஆக அதிலிருக்கும் யூரியா உடைந்து அம்மோனியா வருகிறது என்பது நமக்குத் தெரிந்ததுதான். அந்த வாடையே அதுதான். ஈரக்காற்றோடு சேர்ந்த அம்மோனியா செம்பைக் கரைக்கும், பித்தளையை வெடிக்க வைக்கும். இதற்கு நம் நாட்டிலேயே பழைய கதை உண்டு. பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்திருந்த துப்பாக்கித் தோட்டாக்களின் பித்தளை உறைகள் தானாகவே வெடிப்பு விட்டன. லாயத்தில் மூத்திரத்திலிருந்து வந்த அம்மோனியாதான் காரணம் என்று 1921-இல் விளக்கம் வெளியானது. பயிருக்கு அமிர்தமாக இருப்பது வயரிங்குக்கு விஷம். இயற்கை விவசாயியின் வண்டிக்கென்றே வருகிற நோய் இது.

ரிலே என்ன செய்கிறது

நம் கிணற்று மோட்டாரின் ஸ்டார்ட்டர் பெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். பச்சை பட்டனை அமுக்கினால் உள்ளே காயில் காந்தமாகி, கனமான பாயிண்ட்டுகளை இழுத்துப் பிடிக்கிறது. மோட்டாருக்குக் கரண்ட் போகிறது. கரண்ட் போய்விட்டால் காயில் விட்டுவிடும், மோட்டார் தானாக மறுபடி ஓடாது. ரிலே அதன் குட்டித் தம்பி, 12 வோல்ட்டில் வேலை செய்கிறது.

வங்கி வழியில் சொன்னால், அதிகாரி ஓரத்தில் ஒரு சின்னக் கையெழுத்துப் போடுகிறார். அதைப் பார்த்துக் காசாளர் பெரிய தொகையை எண்ணிக் கொடுக்கிறார். அதிகாரி பணத்தைத் தொடுவதில்லை. ரிலேயின் காயிலுக்குச் சுமார் 0.15 ஆம்பியர் போதும். அந்தக் கையெழுத்தைப் பார்த்து, பாயிண்ட் வழியாக பம்ப்புக்கு 4, 5, சில வண்டிகளில் 8 ஆம்பியர் போகிறது.

தந்தியிலிருந்து வந்த சாமான் இது. தூரம் போகப் போகத் தந்திக் கம்பியில் சமிக்ஞை பலவீனமாகிவிடும். அந்தப் பலவீனமான கரண்ட் ஒரு காந்தத்தை மட்டும் இயக்கினால் போதும். அந்தக் காந்தம் அடுத்த கம்பிக்குப் புதிய பேட்டரியின் கரண்ட்டைத் திறந்துவிடும். அந்தக் காலத்தில் வழியில் குதிரை மாற்றி ஓட்டுவதற்கு ஆங்கிலத்தில் இருந்த பெயர்தான் ரிலே. நம் நாட்டில் தந்தி 2013 ஜூலையில் நின்றுவிட்டது. அதன் ரிலே ஒவ்வொரு வண்டியிலும் இருக்கிறது.

ரிலேயின் அடியில் எண்கள் இருக்கும். ஜெர்மனியின் டின் 72552 என்ற தரத்தில் வந்த எண்கள் இவை. பெரும்பாலான கம்பெனிகள் இதையே பின்பற்றுகின்றன. மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

30: பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக வரும் பிளஸ்.
87: பம்ப்புக்குப் போகும் பிளஸ்.
86, 85: காயிலின் ரெண்டு முனைகள். 86 பிளஸ், 85 எர்த் என்று பழகிக்கொள்வது நல்லது.
87-ஏ: ஐந்து கால் ரிலேயில் மட்டும். ரிலே வேலை செய்யாதபோது 30-ஓடு சேர்ந்திருக்கும் முனை. பம்ப் வயரைத் தவறி இதில் மாட்டினால் சாவி போடாதபோது பம்ப் ஓடும்! நமக்கு நான்கு கால் ரிலே போதும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

முதலில் வோல்ட். கார், வேன், டிராக்டருக்கு 12. லாரி, பஸ்ஸுக்கு பெரும்பாலும் 24. 24 வோல்ட் ரிலேயை 12-இல் போட்டால் ஒழுங்காக இழுக்காது. 12 வோல்ட் ரிலேயை 24-இல் போட்டால் காயில் கருகிவிடும். ரெண்டும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். மேலே எழுதியிருப்பதைப் படித்துத்தான் வாங்க வேண்டும்.

ரெண்டாவது ஆம்பியர். 5 ஆம்பியர் பம்ப்புக்கு 10 ஆம்பியர் ரிலே போதுமே என்று தோன்றும். மோட்டார் கிளம்பும் நொடியில் ஓடும்போது இழுப்பதைப்போலப் பல மடங்கு இழுக்கும். டேங்கில் குப்பை சேர்ந்து பம்ப் திணறினாலும் அப்படித்தான். அதனால் 30 அல்லது 40 ஆம்பியர் ரிலே போடுவது வழக்கம். அந்த எண் 14 வோல்ட் டி.சி.க்கு என்று போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். வீட்டு ஏ.சி. கரண்ட் ஒரு விநாடிக்கு நூறு முறை பூஜ்ஜியத்தைத் தொட்டு வரும், அதனால் பாயிண்ட் பிரியும்போது பொறி சீக்கிரம் அணைந்துவிடும். டி.சி.யில் அந்த இடைவெளி கிடையாது. பொறி நீண்டு பாயிண்ட்டைத் தின்றுவிடும். ஏ.சி.க்கான சுவிட்சை என் வேனில் தொங்கவிட்டது இந்த வகையிலும் தப்பு.

மூன்றாவது, காயிலின் பாதுகாப்பு. காயிலை அணைக்கும் கணத்தில் அதிலிருந்து நூறு வோல்ட்டுக்கு மேலேகூட ஓர் எதிர்த் துடிப்பு கிளம்பும். இன்ஜெக்ஷன் வண்டிகளில் காயிலை இயக்குவது வண்டியின் கம்ப்யூட்டர். அந்தத் துடிப்பு அதைக் கெடுக்கலாம். அதனால் ரிலேக்குள்ளேயே காயிலுக்குக் குறுக்கே ஒரு ரெசிஸ்டரோ டையோடோ வைத்திருப்பார்கள். மேல்மூடியில் படம் வரைந்திருக்கும். பழைய ரிலேயில் எது இருந்ததோ, அதே படம் உள்ளதை வாங்குங்கள். டையோடு உள்ள ரிலேயில் 86, 85 மாறிவிடக்கூடாது. மாறினால் டையோடு வழியாக ஷார்ட் ஆகும். ரிலேயோடு கம்ப்யூட்டரும் போகலாம்.

நான்காவது, சீல். நம்மைப்போல ஈரமும் உரமும் ஏற்றுகிறவர்களுக்கு ரப்பர் சீல் வைத்த வாட்டர்ப்ரூஃப் ரிலேயும் அதற்கேற்ற சாக்கெட்டும் நல்லது. ரிலேயை மட்டும் சீல் வைத்ததாக வாங்கித் திறந்த சாக்கெட்டில் மாட்டினால் பாதி வேலைதான்.

ஐந்தாவது, சாக்கெட். இங்கேதான் எல்லோரும் காசு மிச்சம் பிடிக்கிறோம். சாக்கெட்டில் வருகிற தகட்டை ஒரு காந்தத்தில் வைத்துப் பார்க்கச் சொன்னார் பாய். ஒட்டினால் இரும்பு, விட்டுவிடுங்கள். பித்தளையும் செம்பும் ஒட்டாது. ரிலேக்குள் இரும்பு இருப்பதால் முழு ரிலேயை இப்படிச் சோதிக்க முடியாது. தனித் தகட்டைத்தான் சோதிக்க வேண்டும். ரிலேயைச் சொருகும்போது இறுக்கமாகப் போக வேண்டும். லொடலொடவென்று போனால் அது நாளைக்குச் சூடாகும்.

என் சாக்கெட்டில் தொலைந்த 2 வோல்ட் எங்கே போனது என்று கணக்குப் போடுங்கள். 2 வோல்ட், 5 ஆம்பியர். பெருக்கினால் 10 வாட். விரல்நுனி அளவு இடத்தில் 10 வாட் சூடு, மணிக்கணக்காக. பிளாஸ்டிக் உருகாமல் என்ன செய்யும்? இதில் பம்ப்புக்கும் வோல்ட் குறைகிறது. தள்ளும் பெட்ரோலும் குறைகிறது. மேட்டில் வண்டி இழுக்கவில்லை என்று நான் ரெண்டு மாதமாக ஃபில்டரையும் பிளக்கையும் மாற்றிக்கொண்டிருந்தேன்.

புதுப்பேட்டையில் பழைய ரிலே மலிவாகக் கிடைக்கும். பாயிண்ட் எத்தனை ஆயிரம் தடவை பொறி பட்டது என்று வெளியிலிருந்து தெரியாது. ரிலேயைப் புதிதாக வாங்குங்கள். ஒரு கிலோ கறுப்புக்கவுனி விலைக்கு நல்லதே கிடைக்கும்.

வயரிங்

பாய் செய்ததையும் சொன்னதையும் சேர்த்து எழுதுகிறேன். வேலையைத் தொடங்கும் முன் பேட்டரியின் மைனஸைக் கழற்றுங்கள். பெட்ரோல் பக்கத்தில் வேலை. பீடி, சிகரெட் பேச்சே கூடாது.

பேட்டரி பிளஸ்ஸிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் ஹோல்டர். 5 ஆம்பியர் பம்ப்புக்கு 10, 8 ஆம்பியர் இழுப்பதற்கு 15 ஆம்பியர் ஃபியூஸ். வண்டியின் ஃபியூஸ் பெட்டியில் ஏற்கெனவே ஒரு எண் போட்டிருந்தால் அதுதான் சரி. ஃபியூஸ் பம்ப்பைக் காப்பாற்ற இருப்பதல்ல, வயரைத் தீயிலிருந்து காப்பாற்ற இருப்பது. அதனால்தான் பேட்டரிக்கு அருகே இருக்க வேண்டும். ஃபியூஸுக்கு முன்னால் உள்ள வயர் உரசி ஷார்ட் ஆனால் தடுக்க யாரும் இல்லை. ஃபியூஸ் போனால் ஏன் போனது என்று தேடுங்கள். சிகரெட் ஃபாயில் சுற்றாதீர்கள்.

வயர் ரெண்டரை ஸ்கொயர் எம்.எம்., மெல்லிய இழைகள் நிறைந்த வண்டி வயர். 4 மீட்டர் நீளத்துக்கு, 8 ஆம்பியரில், இதில் சுமார் கால் வோல்ட்தான் இழப்பு. ஒரு ஸ்கொயர் வயர் போட்டால் அரை வோல்ட்டைத் தாண்டும். காயில் பக்கத்துக்கு முக்கால் அல்லது ஒரு ஸ்கொயர் போதும். கையெழுத்துப் போடத் தடிமனான பேனா எதற்கு?

வயரை முறுக்கி டேப் சுற்றுவது இணைப்பு ஆகாது. வண்டி ஆடுகிற ஆட்டத்தில் தளர்ந்துவிடும். சரியான அளவு லக் போட்டு, கிரிம்பிங் பிளையரால் அமுக்கி, இழுத்துப் பார்த்து, மேலே சூட்டில் சுருங்கும் ஸ்லீவ் போடுங்கள். தகடு வழியாக வயர் நுழையும் இடத்தில் ரப்பர் வளையம் கட்டாயம்.

எர்த் இணைக்கும் இடத்தில் பெயின்ட்டையும் துருவையும் சுரண்டி, பளபளவென்று இரும்பு தெரிந்த பிறகு வளைய லக்கை போல்ட் போட்டு இறுக்கி, மேலே கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள். பிளஸ் பக்கம் கவனமாக இருந்துவிட்டு எர்த்தை மறப்பது வழக்கம். போன கரண்ட் திரும்பி வரவும் அதே அளவு வழி வேண்டும்.

ரிலேயைக் கால்கள் கீழே பார்க்கிற மாதிரி, உயரமாக, இன்ஜின் சூடு படாத இடத்தில் திருகுங்கள். என் வேனில் சீட்டுக்கு அடியிலிருந்து மேலே பக்கவாட்டுத் தகட்டுக்கு மாற்றிவிட்டார் பாய். கால்கள் மேலே பார்த்தால் தண்ணீர் தேங்கும்.

நிற்கவைக்கும் ஏற்பாடு

இன்ஜெக்ஷன் வண்டிகளில் இது ஏற்கெனவே இருக்கிறது. சாவி போட்டதும் கம்ப்யூட்டர் பம்ப்பை ரெண்டு மூன்று விநாடி ஓட்டி நிறுத்தும். இன்ஜின் சுற்றுகிறது என்ற தகவல் வந்தால்தான் மறுபடி ஓட்டும். இன்ஜின் நின்றால் காயிலை விட்டுவிடும். என் வேனிலும் அது இருந்தது. துண்டு வயர் போட்டு நான்தான் அதை வேலையை விட்டு அனுப்பியிருந்தேன்.

கார்புரேட்டர் வண்டிக்கோ பழைய டீசல் வண்டிக்கோ தனியாக மின்சார பம்ப் மாட்டுகிறவர்கள்தான் அதிகம் கவனிக்க வேண்டும். சாவியிலிருந்து நேராக 86-க்குக் கொடுத்தால், விபத்தில் சாவி போட்டபடியே இருக்கும், பம்ப்பும் ஓடும். ஆயில் பிரஷர் இருந்தால் மட்டும் சேரும் சுவிட்ச் வழியாகக் காயிலுக்குக் கரண்ட் கொடுங்கள். இன்ஜின் நின்றால் பிரஷர் விழும், பம்ப் நிற்கும். முதலில் ஸ்டார்ட் செய்யும்போது பிரஷர் இருக்காதே என்றால், ஸ்டார்ட்டர் சுற்றும்போது மட்டும் தனி வழி கொடுக்கும் மூன்று முனை சுவிட்சுகள் இதற்கென்றே உண்டு. டேஷ்போர்டில் சிவப்பு ஆயில் விளக்கை எரியவைக்கும் சாதாரண சுவிட்ச் நேர்மாறாக வேலை செய்வது. அதை இதற்குப் பயன்படுத்தக்கூடாது.

மோதல் சுவிட்ச் என்று இன்னொன்று உண்டு. ஓர் எஃகு குண்டைக் காந்தம் பிடித்துக்கொண்டிருக்கும். பலமாக மோதினால் குண்டு விலகிக் கரண்ட்டைத் துண்டிக்கும். மேலே உள்ள பட்டனை அமுக்கினால்தான் மறுபடி சேரும். காயில் வரிசையில் இதையும் சேர்த்தால் ரெட்டைப் பாதுகாப்பு.

வழியில் நின்றுவிட்டால்

சாவியைப் போட்டு, ரிலே மேல் விரலை வையுங்கள். ‘டிக்’ என்று தட்டினால் காயில் பக்கம் சரி. டிக் வந்தும் ‘ஊங்’ வரவில்லையென்றால் ஃபியூஸ், சாக்கெட், பம்ப்பின் எர்த், கடைசியாகப் பம்ப். டிக்கே வரவில்லையென்றால் காயிலுக்கு வரும் பிளஸ், எர்த், மோதல் சுவிட்ச், கடைசியாக ரிலே. ஒரு ரிலே, ரெண்டு ஃபியூஸ், ஒரு டெஸ்ட் லாம்ப் எப்போதும் வண்டியில் இருக்கட்டும். துண்டு வயர் போட்டுத்தான் ஆக வேண்டுமென்றால் ஃபியூஸை விடாமல் போடுங்கள். அடுத்த கடை வரைக்கும் மட்டும் ஓட்டுங்கள், வீடு வரைக்கும்கூட வேண்டாம்.

ஆறு மாதத்துக்கு ஒரு தடவை இன்ஜின் ஓடும்போது பாய் செய்த சோதனையைச் செய்யுங்கள்: பேட்டரி பிளஸ்ஸுக்கும் பம்ப் பிளக்கின் பிளஸ்ஸுக்கும் நடுவே ஒரு அளவு, பம்ப்பின் மைனஸுக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவே ஒரு அளவு. ரெண்டையும் கூட்டினால் அரை வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். என் வேனில் இப்போது 0.3 காட்டுகிறது.

பண்ணையிலும் இதே பாடம்தான். சோலார் பேட்டரியில் 12 வோல்ட் ஸ்ப்ரேயர் பம்ப் வைத்து ஜீவாமிர்தம் விடுகிறவர்கள், தொட்டியின் மிதவை சுவிட்ச் வழியாகவே மோட்டார் கரண்ட்டை அனுப்புகிறார்கள். அது சீக்கிரம் கருகிவிடுகிறது. மிதவை காயிலை மட்டும் இயக்கட்டும், மோட்டாரை ரிலே பார்த்துக்கொள்ளும். அந்த ரிலேயைத் தொட்டிக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். ஏன் என்று இப்போது உங்களுக்கே தெரியும்.

லோ வோல்டேஜ் நாளில் ஸ்டார்ட்டர் பட்டனில் குச்சி சொருகி மோட்டாரை ஓட்டாத விவசாயி நம்மில் எத்தனை பேர்? நானும் ஓட்டியிருக்கிறேன். தண்ணீர் பாய்ந்துவிடுகிறது, அதனால் குச்சி நல்லதாகத் தெரிகிறது; மோட்டார் எரிந்த அன்றுதான் அந்தக் காயில் எதற்கு இருந்தது என்று புரிகிறது. ரசாயன உரத்தை விட்டு வந்த நமக்கு இது புதுப் பாடம் இல்லை. உடனே பலன் தருகிற குறுக்குவழிக்கு மண்ணில் என்ன விலை கொடுத்தோம் என்று பார்த்தவர்கள் நாம்.

இப்போது ஒவ்வொரு ஞாயிறும் விடிகாலை சாவியைப் பாதி திருப்பி ஒரு கணம் காத்திருக்கிறேன். ‘ஊங்’ என்று வரும். மூன்று எண்ணுவதற்குள் தானாக அடங்கும். முன்பெல்லாம் அந்தச் சத்தம் வந்ததா என்று மட்டும் கேட்பேன், இப்போது அது அடங்கியதா என்றும் கேட்கிறேன். பிறகுதான் ஸ்டார்ட்டர். கோமியக் கேன்கள் வேனின் மேல் கேரியரில் போகின்றன. உங்கள் வண்டியிலும் கேன் எங்கே இருக்கிறது, அதற்கு அடியில் என்ன இருக்கிறது என்று இந்த வாரமே சீட்டைத் தூக்கிப் பாருங்கள்.